பழைய பைக்ல கோன் செட் மாத்துறது: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, நேரா போறப்ப ஹேண்டில் ஒரு இடத்துல டக்குனு உக்காந்துக்குது. கிரீஸ் வச்சா சரியாகுமா?

ஆகாது தம்பி, கோன் செட் போயிருக்கு, அதாவது ஃப்ரேம் முன்னாடி இருக்குற நெக்குங்கற குழாய்ல ஹேண்டில் திரும்புறதுக்கு மேலயும் கீழயும் இருக்குற பேரிங். வண்டி பெரும்பாலும் நேராதான் போகுது, அதனால குழில வாங்குற அடி எல்லாம் ஒரே இடத்துல நிக்குற பால் (இரும்பு குண்டு) வழியா அது உருளுற கப்புல இறங்கி, அங்க வரிசையா சின்னச் சின்ன பள்ளம் விழுந்துரும். கழட்டி துடைச்சுட்டு நகத்த ஓட்டிப் பாரு, தட்டும். மேல கீழ ரெண்டுமே முழு செட்டா மாத்து, பழைய கப்புல புது பால் மட்டும் போடாத.

கேள்வி: கீழ் கப்பு வரவே மாட்டேங்குது சார், மேல இருந்து ராடு விட்டு தட்ட விளிம்பே தெரியல.

வெல்டிங் தெரிஞ்சவர வச்சு கப்புல பால் ஓடுற தடத்துல சுத்தி ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்க. ஆறும்போது கப்பு சுருங்கும், பல சமயம் கையாலயே வந்துரும். அதுக்கு முன்னாடி டேங்க கழட்டி தூரமா வச்சிருங்க, பேட்டரி ஒயரயும் எடுத்துருங்க.

கேள்வி: புதுச அடிச்சு இறக்கலாமா?

நான் அடிச்சிருக்கேன், அதனாலதான் வேணாங்கறேன். அவசரத்துல கட்டைய வச்சு ஒரு போடு போட்டேன், கப்பு ஒரு பக்கம் சாஞ்சு நெக்கோட உள்பக்கத்த சுரண்டிருச்சு, அந்த பிசிற அரத்தால எடுக்கவே ஒரு சாயங்காலம் போச்சு. இப்பல்லாம் கப்ப ராத்திரியே ஃப்ரீசர்ல போட்டுடுவேன், காலைல நீளமான மரை போட்ட ராடு, ரெண்டு பக்கமும் கனமான வாஷர், நட்டு, அவ்ளோதான், முறுக்க முறுக்க மட்டமா இறங்கும், அடியில போய் உக்காந்ததும் ஸ்பேனர் சட்டுனு கெட்டியாயிடும். ஸ்டெம்ல, அதாவது நெக்குக்குள்ள போற தண்டுல, ஏறுற பேரிங்குக்கு இதுவே தலைகீழ், ஸ்டெம் ஃப்ரீசர்ல, பேரிங் சூட்டுல. முதல்ல டஸ்ட் சீல போட்டுட்டு அப்புறம் பேரிங்க இறக்குங்க, மறந்தவங்க நிறைய பேரு, நானும் ஒருத்தன்.

கேள்வி: பால் எத்தன போடணும்?

வண்டிக்கு வண்டி மாறும். பழைய பிரிட்டிஷ் வண்டி பலதுல கால் இஞ்ச், அதாவது 6.35 மில்லி பால். பழசுல இருந்தத மட்டும் எண்ணி நம்பாதீங்க, முன்னாடி கழட்டினவர் ரெண்டு தொலைச்சிருக்கலாம். கிரீஸ்ல ஒட்ட வச்சு அடுக்கிட்டே வாங்க, கடைசில கொஞ்சம் இடம் மிஞ்சும், அதுல ஒண்ண திணிக்காதீங்க.

கேள்வி: பாலுக்கு பதிலா டேப்பர் ரோலர் (சரிவான உருளை வச்ச பேரிங்) போட்டா ஒரிஜினாலிட்டி போயிடுமா ப்ரோ?

வெளிய தெரியவா போகுது! பிரிட்டிஷ் கம்பெனி ட்ரையம்ப்பே 1971ல ஃப்ரேமுக்குள்ள ஆயில் வச்ச 650 சிசி வண்டிலயே டேப்பருக்கு மாறிட்டான். ஆனா உயரம் கூடலாம், வெர்னியர்ல அளந்துக்கங்க, மேல நட்டுக்கு மரை பத்தாம போறதும் ஹேண்டில் லாக் சேராம போறதும் அதனாலதான்.

கேள்வி: எவ்ளோ டைட் வைக்கணும்?

இங்கதான் எல்லாரும் கெடுக்குறாங்க. டேப்பர்னா முதல்ல நல்லா இறுக்கி, ரெண்டு பக்கமும் அஞ்சாறு தடவ திருப்பி ரோலர உக்கார வச்சு, அப்புறம் முழுசா லூஸ் பண்ணிட்டு ஆட்டம் போற அளவுக்கு மட்டும் திரும்ப வைங்க. பால்னா அந்த முதல் இறுக்கமே வேணாம், புது கப்புல நாமளே பள்ளம் போட்ட மாதிரி ஆயிடும். முன் சக்கரத்த தூக்கி வச்சு, கேபிள் எல்லாம் இழுக்காம பாத்துக்கிட்டு, ஹேண்டில லேசா ஒரு விரலால தள்ளுங்க, தன் பாரத்துலயே கடைசி வரைக்கும் விழணும். பாதில நின்னா டைட், வண்டி மெதுவா போறப்ப குடிச்சவன் மாதிரி அலையும். மேல் நட்ட இறுக்கினதும் மறுபடி ஒரு தடவ பாருங்க, மரைல இருக்குற சின்ன இடைவெளி போயி டைட் கூடியிருக்கும்.

கேள்வி: எல்லாம் செஞ்சேன், ஒரு வாரத்துல பிரேக் புடிச்சா டக் டக்குங்குது.

கப்பு உக்காந்திருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டர்ல சகஜம். ஆனா ஸ்பேனர எடுக்குறதுக்கு முன்னாடி, ஒருத்தர முன் பிரேக்க புடிச்சு வண்டிய முன்ன பின்ன ஆட்டச் சொல்லிட்டு, கீழ் யோக்கும் (ஃபோர்க் கால் ரெண்டையும் சேத்துப் புடிக்கிற பாகம்) நெக்கும் சேர்ற இடத்துல விரல வைங்க. அங்க அசைவு தெரிஞ்சா நட்ட கொஞ்சம் இறுக்குங்க. தெரியலைனா ஃபோர்க் புஷ் (ஃபோர்க் குழாய் வழுக்கி ஓடுற வளையம்) தேஞ்சிருக்கலாம், பாவம் கோன் செட்ட ஏன் திட்டறீங்க.