ஆச்சியைக் கேளுங்கள்: தோட்டத்தில் ஆட்டம்

(காரைக்குடியில் நாடக உடைகளும் மாறுவேட உடைகளும் வாடகைக்கு விடும் ஆச்சி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஆச்சி, தை மாதம் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து மகள் கல்யாணத்தை வைத்திருக்கிறோம். முதல் நாள் சாயங்காலம் பின்பக்கத் தோட்டத்தில் சங்கீத். ராஜா ராணி, காட்டுவாசி, கடற்கொள்ளைக்காரன் என்று எல்லோரும் வேஷம் கட்டி ஆடுவதாக ஏற்பாடு. சுற்றிலும் தீவட்டி நட்டால் அழகாக இருக்கும் என்கிறார் ஏற்பாடு செய்பவர். நடலாமா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தீவட்டியும் காட்டுவாசியும் ஒரே தோட்டத்தில் வேண்டாம்மா. இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். தீவட்டியை எடுத்தால் எனக்குச் சந்தோஷம்.

காட்டுவாசி உடை என்று கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் சாக்குத் துணியில் சணல் நாரைக் கொத்துக் கொத்தாக வைத்துத் தைத்தது. நாருக்கு நார் இடைவெளி, உள்ளே முழுக்கக் காற்று. ஒரு பொறி பட்டால் போதும். இப்படிச் சொன்னால் ஆச்சி பயமுறுத்துகிறாள் என்பார்கள். அதனால் நடந்ததையே சொல்கிறேன்.

1393 ஜனவரி 28, பாரிஸ். அரசியின் தோழி ஒருத்திக்கு மறுமணம். விருந்தில் ஆறு பேர் காட்டுமனிதர் வேஷத்தில் ஆட வந்தார்கள். லினன் துணியில் பிசினைத் தடவி, அதன் மேல் நாரை ஒட்டி, உடம்போடு வைத்துத் தைத்த உடை. அந்த ஆறு பேரில் ஒருவர் அரசர் ஆறாம் சார்லஸ். பார்த்தவர்களில் பல பேருக்கு அது தெரியாது. தீவட்டி பிடிப்பவர்கள் கிட்டே வரக்கூடாது என்று முன்கூட்டியே உத்தரவும் போட்டிருந்தார்கள். உத்தரவு போட்ட நேரத்தில் அரசரின் தம்பி அங்கே இல்லை. தாமதமாக வந்தவர், வேஷத்துக்குள் இருப்பது யார் என்று பார்க்கத் தீவட்டியைக் கிட்டக் கொண்டுபோனார். நான்கு பேர் செத்துப்போனார்கள். ஒருவர் பாத்திரம் அலசும் தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்துப் பிழைத்தார். அரசரைக் காப்பாற்றியது அவருடைய சித்தப்பாவின் இளம் மனைவி. தான் உடுத்தியிருந்த பெரிய அங்கியின் விரிப்பைத் தூக்கி அவர் மேல் போட்டு மூடிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயதுதான் இருக்கும்.

உத்தரவு சரியான உத்தரவுதான். அப்புறமாக வந்தவனுக்கு அதைச் சொல்ல வாசலில் ஆள் இல்லை. உங்கள் வீட்டிலும் தாமதமாக வருகிற மாப்பிள்ளை சிநேகிதர்கள் நாலு பேர் இருப்பார்கள், சிகரெட்டோடு.

உடை எடுக்கும்போது ஒன்று செய்யுங்கள். உள்பக்கத் தையல் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, வாசலுக்கு வெளியே தரையில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு கறுப்பாகக் கடுகளவு உருண்டையாக இறுகினால் நைலான் அல்லது பாலியஸ்டர். பருத்தியும் எரியத்தான் செய்யும், ஆனால் நைலான் உருகித் தோலில் ஒட்டும். என்னிடம் உடை எடுக்க வருகிறவர்கள் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நிற்பார்கள். நூல் உருவிப் பார்க்கட்டுமா என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

தோட்டத்து மூலையில் இரண்டு வாளித் தண்ணீர், நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கு நாலைந்து. போட்டோவில் விழாத இடமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏற்பாடு செய்பவர் மனசு கோணாது. துணியில் பிடித்துவிட்டால் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும், மேலே சாக்கைப் போட்டு மூட வேண்டும். பிறகு குழாய்த் தண்ணீரை நிறைய விட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். மாவு, பற்பசை எதுவும் தடவ வேண்டாம்.

முக்கியமானது இனிமேல்தான். அந்த ராத்திரி முழுக்க வேஷம் போடாத ஆள் ஒருவர் வேண்டும். பெரியப்பாவோ, ஓட்டுநரோ, யாராக இருந்தாலும் சரி. சாதாரண வேட்டி சட்டை, கையில் டார்ச், மடியில் பின்வாசல் சாவி, ஆட்டம் கிடையாது. ஏன் என்றால், வேஷக் கூட்டத்தில் நிஜமான விபரீதமும் நடிப்பாகத்தான் தெரியும். இந்தப் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழா ஒன்றில் (பெயர் வேண்டாம்) கட்டபொம்மன் வேஷம் போட்ட பையனின் தலைப்பாகைக் குஞ்சம் குத்துவிளக்கில் பட்டுப் பிடித்துக்கொண்டது. அவன் தலையை உதறினான். முன்வரிசையில் கைதட்டினார்கள். வீரவசனத்துக்கு ஏற்ற ஆவேசம் என்று நினைத்திருப்பார்கள். மேடை ஓரத்தில் தண்ணீர் செம்போடு நின்ற ஆயாவுக்கு மட்டும் அது ஆவேசமாகத் தெரியவில்லை. செம்போடு ஊற்றிவிட்டார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, குஞ்சம் மட்டும் போயிற்று.

கேள்வி: முகமூடி விருந்தில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்க, கொலைகாரனும் முகமூடியோடு கூட்டத்தில் கலந்து வருவதைச் சினிமாவில் பார்க்கிறோம். நிஜத்தில் நடந்திருக்கிறதா? – கல்லூரி மாணவர், சிவகங்கை

பதில்: நடந்திருக்கிறது தம்பி. 1792 மார்ச் 16, ஸ்டாக்ஹோம் அரச இசை நாடக அரங்கில் முகமூடி நடனம். சுவீடன் அரசர் மூன்றாம் குஸ்தாவுக்கு அதற்கு முன்னால் சாப்பாட்டு மேஜையிலேயே கடிதம் வந்துவிட்டது: இன்று போகாதீர்கள், உயிருக்கு ஆபத்து. படித்தார், போனார். முகமூடி போட்டிருந்தாலும் மார்பில் அரச விருதின் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. வேஷம் போட்டு அடையாளத்தையும் குத்திக்கொண்டு போனால் என்ன செய்வது! கறுப்பு அங்கியில் வந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள், ஒருவன் முதுகுப் பக்கம் சுட்டான். கதவுகளை அடைத்து எல்லோருடைய முகமூடியையும் கழற்றச் சொன்னார்கள். துப்பாக்கி தரையில் கிடந்தது. அதைப் பார்த்த துப்பாக்கித் தொழிலாளி இன்னாருடையது என்று சொல்லிவிட, அங்கர்ஸ்த்ரோம் என்ற அந்த ஆள் மாட்டிக்கொண்டான். அரசர் காயம் அழுகி மார்ச் 29-ல் இறந்தார்.

ஆபத்து மறைந்து வந்தது என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடிதமாக அல்லவா முன்கூட்டியே வந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். குடும்பச் சந்திப்பை ‘பர்மா ராத்திரி’ என்று வைத்து, எல்லோரும் அந்தக் கால உடையில் தோட்டத்தில் ஆடிப்பாடுவதாகத் திட்டம். கடைசியில் சிலரை மூட்டை முடிச்சோடு, நடந்தே ஊர் திரும்பியவர்கள் வேஷத்தில் நுழைய வைக்கலாம் என்கிறான் என் தம்பி. உடைகள் கிடைக்குமா? – தேவகோட்டை

பதில்: பர்மிய உடை கிடைக்கும். ஆண்களுக்கு லுங்கி முடிச்சு முன்னால் வர வேண்டும். பெண்கள் ஒரு பக்கமாக மடித்துச் செருகிக்கொள்வார்கள், இரண்டையும் மாற்றிக் கட்டிவிடாதீர்கள். ஆனால் உங்கள் ஐயா வேஷம் போடுகிறவருக்கு அதெல்லாம் தேவையில்லை. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் ரங்கூன் கடையின் பெட்டியடியிலும் வெள்ளை வேட்டி, துண்டோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் காலம் என்கிறீர்களே, எந்த வருஷம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல், அங்கே கடன் கொடுத்துவந்த நம் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. 1938 வாக்கில் நூற்றுக்கு 25. கேட்கிறபோது கொழுத்த செழிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஆசைப்பட்டு வாங்கிய நிலம் இல்லை. 1930-ல் நெல் விலை விழுந்தது. குடியானவன் கையில் காசில்லை. ஈடு வைத்த வயல் கடனுக்காக வந்து சேர்ந்தது. திரும்பி வர வேண்டிய ரொக்கம் சேற்று நிலமாக மாறி அங்கேயே கிடந்தது. கடன் கொடுத்தவன் என்று பார்த்த பர்மாக்காரன், இப்போது நிலத்தைப் பிடுங்கியவன் என்று பார்க்க ஆரம்பித்தான். அந்த வருஷங்களில் இங்கே கல்யாணம் நிற்கவில்லை, வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், சீர்ச் சாமான் பரப்புவதும் நிற்கவில்லை. பர்மாத் தேக்குத் தூண் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்களுக்கு, அந்தத் தூண் வந்த ஊரில் என்ன நடக்கிறது என்று கடிதத்தில் வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் வந்தன. அப்போதும் ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அதனாலேயே சாவு அதிகமானது. 1942 மார்ச்சில் ஊர் ஜப்பான் கைக்குப் போனது. கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் தமு, மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம்.

பாட்டு போடுங்கள், ஆடுங்கள், பர்மா நூடுல்ஸான அத்தோ கலந்து எல்லோருக்கும் கொடுங்கள். ஐயாவின் கணக்குப் புத்தகம் இருந்தால் மேஜையில் விரித்து வையுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும். மூட்டை முடிச்சு நுழைவை மட்டும் தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி நடந்து வந்த யாராவது ஒருவரின் பேத்தி உங்கள் தோட்டத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அந்த மூட்டை என்னிடம் வாடகைக்குக் கிடைக்காது.

கேள்வி: தோட்ட விருந்துக்கு வாணவேடிக்கை உண்டு. பக்கத்தில் பனைமரம் நிற்கிறது. ஏதாவது பார்க்க வேண்டுமா? – புதுவயல்

பதில்: பகலில் அண்ணாந்து பாருங்கள். பனையில் கதண்டு என்கிற பெரிய குளவியின் கூடு இருந்தால் வாணம் கிடையாது. பழைய வீடாக இருந்தால் மேல்மாடித் தாழ்வாரத்தில் மலைத்தேன் கூடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புகைக்கும் அதிர்வுக்கும் இரண்டும் கிளம்பிவிடும். கூட்டை நீங்களே கலைக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள், எண் 101. அப்படியும் கிளம்பிவிட்டால், ராட்சசன் வேஷத்தில் முகம் முழுக்க மூடிய ரப்பர் முகமூடி போட்டிருப்பவரை முதலில் உள்ளே அனுப்புங்கள். கொட்டுப்பட்டு அவர் மூச்சுத் திணறினாலும் வெளியே தெரியாது.

கேள்வி: என் எட்டு வயதுப் பையன் மாறுவேடப் போட்டியில் வருஷா வருஷம் பாரதியார்தான். மீசை ஒட்டுகிற பசை முகத்தை எரிக்கிறது என்று அழுகிறான். வேறு பசை இருக்கிறதா? – பள்ளத்தூர்

பதில்: குழந்தை முகத்துக்கு ஸ்பிரிட் கம் எதற்கு? பெயரிலேயே ஸ்பிரிட் இருக்கிறது, விளக்குப் பக்கம் அந்தப் பாட்டிலையே கொண்டுபோகக் கூடாது. கண்மையால் வரைந்துவிடுங்கள், தேங்காய் எண்ணெய் தொட்டால் போய்விடும். பாரதியாரையும் இந்த வருஷம் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள். தபால்காரர் வேஷம் கொடுங்கள். காக்கிச் சட்டை, ஒரு தோள்பை. ‘சார், போஸ்ட்’ என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடலாம், வசனம் மறக்காது.