கார்ட்டூன் மந்திரமும் கையில் கட்டிய தாயத்தும்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. கைப்பேசியில் ஜாக்கி சான் கார்ட்டூனை ஓயாமல் பார்க்கிறான். சென்ற வாரம் தொலைந்துபோன பென்சில் பெட்டியைத் தேடும்போது, அதில் வரும் முதியவர் சொல்லும் மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே தேடினான். பெட்டி கட்டிலுக்கடியில் கிடைத்தது. "மந்திரம் சொன்னதால்தான் கிடைத்தது உம்மா" என்கிறான். மக்தபில் (மார்க்கப் பாடசாலையில்) ஓதிக்கொடுக்கும் உஸ்தாத், கார்ட்டூன் எல்லாமே ஹராம் (மார்க்கம் தடுத்தது) என்கிறார். போகிமான் கார்ட்டூன் யூதர்களின் சதி என்று ஓர் ஒலிப்பதிவும் வாட்ஸ்அப்பில் வந்தது. இரவில் பயந்து அலறுகிறான் என்று தாயத்து கட்டியிருக்கிறேன். பிள்ளையின் ஈமானை (இறைநம்பிக்கையை) எப்படிக் காப்பாற்றுவது?
— ஒரு தாய், மேலப்பாளையம்

பதில்: சகோதரி, உங்கள் கவலை நியாயமானது. ஒரு காரியம் யாரால் நடக்கிறது, எதனால் நடக்கிறது என்ற எண்ணம் பிள்ளையின் உள்ளத்தில் வேர்பிடிக்கும் வயது இது. ஆனால், உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்த வரி கார்ட்டூனைப் பற்றியது அல்ல; தாயத்தைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒற்றை வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் சொல்லும் தொடர் 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பானது. தமிழில் பேசவைத்து இங்கே ஒரு தலைமுறையே பார்த்து வளர்ந்தது. சீன ராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகள் பொறித்த பன்னிரண்டு கற்கள்தான் கதையின் மையம். சேவல் பொறித்த கல்லை வைத்திருப்பவர் மிதப்பார், முயல் கல் வேகம் தரும், பாம்புக் கல் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும். கல் கையில் இருக்கும்வரை ஆற்றல் இருக்கும். கை நழுவினால் ஆற்றலும் போய்விடும். ஒரு பொருளுக்குத் தானாகவே சக்தி உண்டு என்பதுதான் கதை முழுவதும் ஓடும் எண்ணம் என்பதால், உங்கள் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன்.

அதற்காகக் கற்பனை அனைத்தையும் ஹராம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட மார்க்கம் இடம் தருகிறதா? அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு போரிலிருந்து திரும்பியபோது காற்றில் திரை விலகி, தம் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகள் கண்ணில் பட்டன. அவற்றின் நடுவே துணியால் செய்த இறக்கைகளுடன் ஒரு குதிரை நின்றது. "குதிரைக்கு இரண்டு இறக்கைகளா?" என்று கேட்டார்கள். "ஸுலைமான் நபியிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில்லையா?" என்று ஆயிஷா (ரலி) திருப்பிக் கேட்க, கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள். பொம்மையைப் பறிக்கவில்லை, இறக்கையைப் பிய்த்தெறியச் சொல்லவுமில்லை.

இதே நபியவர்கள் உடனடியாகத் திருத்திய ஓர் இடமும் உண்டு. அவர்களுடைய ஆண் குழந்தை இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மரணத்துக்காகவே கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்திலும், தம் குடும்பத்துக்குப் பெருமை சேர்க்கும் பேச்சு என்று அதை விட்டுவிடாமல், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் சான்றுகள் என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் அறிவித்தார்கள். விளையாட்டை விளையாட்டாகவே விட்டார்கள். அடுத்தடுத்து நடந்த இரண்டில் ஒன்றை மற்றதற்குக் காரணமாக்கி அதை நம்பிக்கையாக ஆக்கியபோது சும்மா இருக்கவில்லை.

உங்கள் மகன் மந்திரத்தை முணுமுணுத்தது விளையாட்டு. "அதனால்தான் கிடைத்தது" என்று சொன்னதுதான் நீங்கள் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய இடம். அடிக்கவோ அதட்டவோ வேண்டாம். "நீ குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாய், கிடைத்தது, பார்க்காமல் வாசலில் நின்று மந்திரம் மட்டும் சொல்லியிருந்தால் பெட்டி வந்திருக்குமா? பார்க்கும் கண்ணைத் தந்தவன் யார்?" என்று கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

இனித் தாயத்து. கல்லை வைத்திருப்பவனுக்கு ஆற்றல் என்று திரை சொல்வதைக் கண்டு பதறும் நீங்கள், செப்புக் குழாயைக் கட்டினால் பயம் போகும் என்று அவன் கையிலேயே கட்டிக் காட்டியிருக்கிறீர்கள். திரையில் வருவது கதை என்று அவனுக்கு ஓரளவு தெரியும். உம்மா கட்டிவிட்டதை அவன் கதையாக நினைக்கமாட்டான். உறுதிமொழி அளிக்க வந்த பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் மட்டும் நபியவர்கள் வாங்கிக்கொண்டு, தாயத்து அணிந்திருந்த ஒருவரை நிறுத்திவைத்ததையும், அவர் கையை உள்ளே விட்டு அதை அறுத்தெறிந்த பிறகே ஏற்றுக்கொண்டு, "தாயத்தைத் தொங்கவிடுபவர் இணைவைத்துவிட்டார்" என்று சொன்னதையும் முஸ்னத் அஹ்மத் என்ற நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். குர்ஆன் வசனம் மட்டும் எழுதியதை அனுமதித்த அறிஞர்கள் முற்காலத்திலேயே உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் உங்கள் மகன் கையில் இருக்கும் அந்தக் குழாய்க்குள் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் பார்த்தீர்களா?

அதை இன்றே கழற்றுங்கள். நபியவர்கள் தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் இருவருக்காகவும், அல்லாஹ்வின் முழுமையான சொற்களைக் கொண்டு பாதுகாப்புத் தேடி ஓதுவார்கள். இப்ராஹீம் நபி தம் பிள்ளைகளுக்கு ஓதியதும் இதுவே என்றும் சொல்வார்கள். புகாரி நபிமொழித் தொகுப்பில் உள்ள அந்த துஆவை (பிரார்த்தனையை) இரவில் அவன் பக்கத்தில் அமர்ந்து, தலையில் கைவைத்து ஓதுங்கள். குர்ஆனின் ஃபலக், நாஸ் இரண்டு சூராக்களையும் (அத்தியாயங்களையும்) அவனையே சொல்லவையுங்கள். பேயும் பூதமும் வரும் காட்சிகளைத் தூங்கப்போகும் நேரத்தில் காட்டாதீர்கள். இரவு அலறலுக்கு அவையே காரணமாக இருக்கலாம். அலறல் தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உஸ்தாதின் அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. மலேசியாவின் 'உபின் இபின்' தொடர் 2007 ரமளானில் பிள்ளைகளுக்கு நோன்பைக் கற்றுக்கொடுக்கவே தொடங்கப்பட்டது. அதில் ராஜு என்ற இந்தியச் சிறுவனும் நண்பனாக வருகிறான். நல்லதைத் தேடிக் கொடுக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், அருகில் அமர்ந்து பார்க்கலாம். கைப்பேசியை அவனிடம் கொடுத்துவிட்டு நாம் அடுப்படிக்குப் போய்விட்டால், எந்தத் தொடராக இருந்தாலும் அதுவே அவனுக்கு உஸ்தாதாகிவிடும்.

போகிமான் விளையாட்டு அட்டைகளை 2001இல் சவூதி அரேபியா தடைசெய்தது உண்மை. சூதாட்டச் சாயல், யூதச் சின்னங்கள் என்று இரண்டு காரணங்கள் கூறப்பட்டன. அட்டையைப் பந்தயம் வைத்து ஜெயிப்பதும் தோற்பதும் பற்றிய முதல் காரணத்தை இன்றும் எந்தப் பெற்றோரும் யோசிக்கலாம். சதி என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று குர்ஆன் (49:6) கட்டளையிடுகிறது. அந்த ஒலிப்பதிவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் ஆதாரம் கேளுங்கள்.