கருகிய புல்லுக்கு ஒட்டுப் போடலாமா?

கேள்வி: வீட்டு முன்பக்கம் மூன்று வருடத்துக்கு முன் செயற்கைப் புல் விரித்தோம். தீபாவளியன்று புஸ்வாணம் சரிந்து, உள்ளங்கை அகலத்துக்குக் கருகிவிட்டது. விரித்துக் கொடுத்தவர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: வேண்டாம். இதற்கு முழுப் புல்லையும் மாற்றச் சொல்வது, பட்டன் அறுந்ததற்குப் புதுச் சட்டை வாங்கச் சொல்வது மாதிரி. நானும் இதே தொழில் செய்கிறவன்தான். தீபாவளி முடிந்த வாரம் எனக்கு வரும் போனில் முக்கால்வாசி இந்தக் கேள்விதான்.

கருகிய இடத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். நுனி மட்டும் உருகித் திரண்டிருந்தால், கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு சுற்றியுள்ள இழைகளை அந்தப் பக்கமாகத் தேய்த்துவிடுங்கள். வேலை முடிந்தது. அடித்துணி வரை உருகியிருந்தால்தான் ஒட்டு.

ஒட்டுக்குத் துண்டு வேண்டுமே? எல்லோரும் பரணில் கிடக்கும் மிச்சத் துண்டைத்தான் தேடுவார்கள். அது புதுப் பச்சை. மூன்று வருடம் வெயில் தின்ற புல்லுக்கு நடுவே வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். கேட் ஓரத்திலோ மதில் மூலையிலோ, வெயில் படுகிற ஆனால் யாரும் பார்க்காத இடத்திலிருந்து வெட்டி எடுத்து இங்கே வையுங்கள். பரண் துண்டு அந்த மூலைக்குப் போகட்டும்.

கருகிய பகுதியில் மணல் தூவியிருந்தால் முதலில் அதை வாரி எடுத்துவிடுங்கள். பிறகு புல்லைப் புரட்டி, பின்பக்கமிருந்து சதுரமாக வெட்டுங்கள். கத்தி இரண்டு தையல் வரிசைகளுக்கு நடுவில் ஓட வேண்டும். தையல்மேல் ஓடினால் இழை கொத்தாகக் கையோடு வந்துவிடும். அப்புறம் இழை சாயும் திசை. தடவினால் ஒரு பக்கம் படியும், எதிர்ப்பக்கம் முரண்டு பிடிக்கும். புதுத் துண்டும் அதே பக்கம் சாய வேண்டும். திசை மாறினால் நிறமே வேறாகத் தெரியும். எவ்வளவு சுத்தமாக ஒட்டினாலும் பயனில்லை.

அடியில் இணைப்புக்கான டேப் வைத்து, இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் பசையால் ஒட்டுங்கள். மரவேலைக்கான வெள்ளைப் பசை மழையில் ஊறி விட்டுவிடும். குளூ கன் பசை சித்திரை வெயிலில் இளகும். ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்கச் செங்கல் ஏற்றி வையுங்கள். ஈரத்தில் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது. அதனால் தீபாவளிக் கருகலை அந்த மழைக்காலத்திலேயே ஒட்ட அவசரப்படாமல் தை பிறந்ததும் ஒட்டுங்கள்.

கேள்வி: நாய் வளர்க்கிறோம். எவ்வளவு கழுவினாலும் புல்லில் வாடை போகவில்லை. பினாயில் ஊற்றலாமா? (வாசகர், கோவை)

பதில்: பினாயில் வாடையை மறைக்கும், போக்காது. சிறுநீர் தங்குவது மேலே தெரியும் இழையில் அல்ல, அதன் அடியிலுள்ள மணலிலும் அடித்துணியிலும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து நன்றாக நனைய ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, ஹோஸ் பிடித்து அலசுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கிளீனர் கிடைக்கும், அது இன்னும் நன்றாக வேலை செய்யும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள்: நிறமும் போகும், வினிகரோடு சேர்ந்தால் நச்சு வாயுவும் கிளம்பும். இதற்கும் அடங்காவிட்டால் அந்த இடத்து மணலை எடுத்துவிட்டுப் புதிதாகத் தூவுவதுதான் வழி.

கேள்வி: மதியம் குழந்தையால் கால் வைக்க முடியவில்லை. ஜன்னலுக்கு நேரே ஒரு கோடு மட்டும் சுருண்டு கிடக்கிறது. புல் மட்டமானதா? (வாசகி, மதுரை)

பதில்: நல்ல புல்லும் சுடும். நிஜப் புல் இலை வழியாக நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். செயற்கைப் புல்லின் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் இழைக்கு அந்தத் திறமை இல்லை. உச்சி வெயிலில் 60 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். இந்த வகைப் புல் முதலில் பேர் வாங்கியது 1966-ல், அமெரிக்காவின் ஹூஸ்டனில், கூரை போட்ட ஆஸ்ட்ரோடோம் மைதானத்தில். வெளிச்சம் போதாமல் நிஜப் புல் செத்துப்போனதால் அங்கே விரித்தார்கள். கூரைக்கடியில் விரித்த சரக்கை நாம் மதுரை வெயிலில் விரிக்கிறோம்! பச்சை வலைப் பந்தல் போடுங்கள்.

சுருண்ட கோடு ஜன்னல் கண்ணாடியின் வேலை. வெயிலைத் திருப்பி அடிக்கும் கண்ணாடி, ஒளியை ஒரே இடத்தில் குவித்தால் இழை உருகிவிடும். முதலில் கண்ணாடிக்கு வெளியே வலையோ மூங்கில் தட்டியோ கட்டுங்கள். அதைச் செய்யாமல் ஒட்டுப் போட்டால் ஒட்டும் உருகும்.

கேள்வி: புல்லுக்கு நடுவே கோரை முளைக்கிறது. மேலே இழுத்தால் அறுந்து மறுபடி வருகிறது. (வாசகர், கும்பகோணம்)

பதில்: கோரை பிளாஸ்டிக் ஷீட்டையே குத்திக்கொண்டு வரும். கிழங்கு உள்ளே இருக்கும்வரை விடாது. ஓரத்தைக் கிளப்பி, தோண்டிக் கிழங்கோடு எடுங்கள். மற்ற களை பெரும்பாலும் மேலே சேர்ந்த தூசியில் முளைப்பது. வாரம் ஒருமுறை நைலான் துடைப்பத்தால் இழை சாய்வுக்கு எதிராகப் பெருக்கினால் போதும். கம்பி பிரஷ் வேண்டாம், இழையைக் கிழித்துவிடும்.

கேள்வி: வடகம் காயப் போடலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தாயே, வேண்டாம். பழைய வேட்டியிலேயே போடுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் புல்லுக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது. கீழ்வீட்டுக் கூரையிலும் ஈரம். புல்லில் இன்னும் ஓட்டை போடவா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: புல்லில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது. உங்கள் தளத்தில்தான் தண்ணீர் வடிந்தோடச் சரிவு, அதாவது வாட்டம், இல்லை. புல்லைச் சுருட்டி எடுத்துவிட்டு, கொத்தனாரை அழைத்து வாட்டமும் நீர்க்கசிவுத் தடுப்பும் சரிசெய்யுங்கள். பிறகு இடையில் நீர் ஓட வழிவிடும் பிளாஸ்டிக் வடிகால் தட்டுகள் பரப்பி, அதன்மேல் புல்லை ஒட்டாமல் விரியுங்கள். காற்றில் கிளம்பாமலிருக்க ஓரத்தில் தொட்டிகளை வையுங்கள். அடுத்த மழைக்கு முன் சுருட்டிப் பார்க்க வசதியாக இருக்கும்.