ஏவுகணைப் பாகம் செய்ய நம் பட்டறை போதுமா? வாசகர் கேள்வி-பதில்

ஓசூரில் மூன்று சிஎன்சி மெஷின் (கணினி இயக்கும் வெட்டும் மெஷின்) வைத்து டூவீலர் பாகங்கள் செய்கிறேன். ட்ரோன், ஏவுகணைக்கான அலுமினியப் பாகங்களுக்கு ஆர்டர் எடுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

தாராளமாக எடுக்கலாம். தமிழ்நாட்டு ராணுவத் தளவாட வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. உங்கள் மெஷின் போதும். மாற வேண்டியது பழக்கம்.

மூலப்பொருளோடு வரும் டெஸ்ட் சர்டிபிகேட்டில் ஹீட் நம்பர், அதாவது அந்த உலோகம் எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண், இருக்கும். கம்பியிலிருந்து அறுத்த ஒவ்வொரு துண்டோடும் அந்த எண் கடைசி வரை போக வேண்டும். எண் பொறித்த முனையை முதலில் அறுத்து எடுத்துவிட்டு, மிச்சத்தை ரேக்கில் போட்டுவைப்பது பல பட்டறைகளில் நடக்கிறது. இந்த வேலையில் அப்படிச் செய்தால், அளவு ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிசகாத பாகமும் கழிவுதான். எண் உள்ள முனையைக் கடைசியாக அறுங்கள்.

மெல்லிய சுவர் உள்ள பெட்டிகள் அடுத்த தலைவலி. 7075 என்ற வலுவான அலுமினியக் கலவைத் தகட்டை ஒரே பக்கம் ஆழமாகக் குடைந்தால், வைஸில் (பிடிப்பானில்) இருக்கும்வரை நேராக இருக்கும், கழற்றியதும் வளைந்துவிடும். உலோகத்துக்குள் அடங்கியிருந்த இறுக்கம் வெளியே வருவதுதான் காரணம். இழுத்து இறுக்கம் தணித்த டி651 தகடாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி ரஃப் வெட்டு எடுத்து, அரை மில்லிமீட்டராவது மிச்சம் விட்டு, ஒருமுறை கழற்றி வையுங்கள். பிறகு லேசாகப் பிடித்து ஃபினிஷ் செய்யுங்கள்.

புதியவர்கள் அதிகம் நஷ்டப்படுவது அனோடைசிங்கில், அதாவது மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேல் கடினமான ஆக்சைடு பூச்சு உண்டாக்குவதில். 50 மைக்ரான் ஹார்டு அனோடைசிங்கில் ஏறக்குறைய பாதி உலோகத்துக்குள் இறங்கும், பாதி வெளியே வளரும். ஆக வெளிவிட்டம் 50 மைக்ரான் கூடும், துளையின் விட்டம் அதே அளவு குறையும். டிராயிங்கில் உள்ள அளவு பூச்சுக்கு முன்பா, பின்பா என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு பிறகு மெஷினைத் தொடுங்கள்.

அளவெடுக்கும் அறையை 20 டிகிரியில் வையுங்கள். 200 மி.மீ. அலுமினியம் 10 டிகிரி கூடினால் 46 மைக்ரான் நீளும். மதியம் மெஷினிலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்து பாஸ் போட்டால், வாங்குபவரின் குளிர்ந்த அறையில் அது ஃபெயில்.

விமான, விண்வெளித் துறைக்கான ஏ.எஸ். 9100 தரச் சான்றிதழுக்கும் தயாராகுங்கள், பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் அதைக் கேட்கும்.

ஓர் ஏவுகணையை உருவாக்க ஏன் இத்தனை ஆண்டுகள்?
– கல்லூரி மாணவி, பென்னாகரம்

இந்தியாவின் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் அப்துல் கலாம் தலைமையில் 1983இல் தொடங்கியது. பிருத்வி முதலில் பறந்தது 1988 பிப்ரவரியில், அக்னி 1989 மே 22 அன்று. இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதி தரையிலேயே கழிகிறது. மேசைமேல் ஒழுங்காக ஓடும் சர்க்யூட் போர்டை அதிர்வு மேடையில் ஏற்றினால் சால்டர் (பற்றவைத்த ஈய இணைப்பு) விரிசல் விடும், கனெக்டர் தளரும். அதைத் திருத்தினால் பழைய சோதனைகள் செல்லாது. சூடு, குளிர், அதிர்வு எல்லாம் மறுபடியும். பறந்துபோன ஏவுகணையைத் திருப்பிக் கொண்டுவந்து பிரித்துப் பார்க்க முடியாது. அது பறக்கும்போது ரேடியோவில் அனுப்பும் தகவல் மட்டுமே கையில் மிஞ்சும். எனவே அந்தத் தகவலைத் தரும் சென்சார்களையும் முன்கூட்டியே தனியாகச் சோதித்தாக வேண்டும். அக்னியை ஏவ 1989 ஏப்ரலில் நாள் குறித்து, கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். சந்தேகம் இருந்தால் நிறுத்துவதும் இந்த வேலையில் ஒரு திறமைதான்.

திப்புவின் ராக்கெட்டில் என்ன புதுமை?
– வாசகர், கிருஷ்ணகிரி

இரும்புக் குழாய். உங்கள் மலைக்கோட்டை உள்ளிட்ட பாராமகால் என்ற பகுதி 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்ததால், இது உங்கள் ஊர்க் கதையும்கூட. காகிதம், மூங்கில் குழாய்கள் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. அதனால் வெடிமருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது, தூரமும் கூடியது. 2018இல் சிவமொக்கா மாவட்டம் நகரா கோட்டைக் கிணற்றில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிடைத்தன. குறி மட்டும் சரியாக நிற்காது. திசை காக்க இருந்தது கட்டிய மூங்கில் கழி ஒன்றுதான். ஒன்றிரண்டாக விடாமல் கூட்டமாக ஏவியது அதனால்தான்.