லாப்ரடூடுல் குட்டி வாங்கப் போகிறீர்களா? பிரீடரிடம் கேட்க வேண்டியவை, நேரில் பார்க்க வேண்டியவை

கேள்வி: கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பத்து வயது மகளுக்கு அடிக்கடி தும்மல், மூக்கடைப்பு. முடி கொட்டாது என்று லாப்ரடார்–பூடுல் கிராஸ் குட்டியைச் சிபாரிசு செய்கிறார்கள். ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பி, “40 நாள் குட்டி, எஃப்1, கே.சி.ஐ. பேப்பர் உண்டு, இரண்டு ஊசி போட்டாச்சு, பாதிப் பணம் போட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்” என்கிறார். நம்பலாமா? நல்ல பிரீடரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பணம் போடாதீர்கள். அந்த ஒரே செய்தியில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன.

முதலில் வயது. நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி, 8 வாரம் (56 நாள்) நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனாலும் நம் ஊரில் 30 நாளிலும் 45 நாளிலும் குட்டிகள் கைமாறுகின்றன. நான்கு வாரம் வரை தாய்ப்பால். அதன்பின் தீவனம், பூச்சி மருந்து, ஊசி என்று விற்பவருக்குச் செலவு ஏறும். அவசரத்துக்குக் காரணம் அதுதான். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும் என்பதைக் குட்டி கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் பழகுகிறது. அந்தப் பாடத்தை முடிக்காமல் வரும் குட்டி, உங்கள் மகளின் கையில்தான் அதைக் கற்கும்.

அடுத்தது பேப்பர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா (கே.சி.ஐ.) தூய இன நாய்களுக்குத்தான் வம்சாவளிச் சான்று தருகிறது. கிராஸ் குட்டிக்கு அது கிடையாது. தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியாகச் சான்று இருக்கலாம்; குட்டிக்கே இருக்கிறது என்றால் குட்டியும் பேப்பரும் வேறு வேறு நாய்களுடையவை.

மூன்றாவது ஊசி. குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய வைரஸ் நோய்கள் உள்ளிட்டவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணை 6 முதல் 8 வாரத்தில் போடப்படும். பிறகு 3–4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும் வரை அடுத்த தவணைகள். 40 நாளில் இரண்டு தவணை முடிந்திருக்க வழியே இல்லை. அப்படியே போட்டிருந்தாலும், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அந்த ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கக்கூடும்.

இனி மகளின் தும்மல். பிரீடரைத் தேடும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நாய் ஒவ்வாமைக்குக் காரணம் முடி அல்ல. எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கும் புரதங்கள். முடி கொட்டாத நாய்க்கும் எச்சில் உண்டு. இந்தக் கலப்பு பிரபலமானதே ஒவ்வாமையை வைத்துத்தான். 1980-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய் நிறுவனத்தில் வாலி கான்ரன் என்பவர், ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காக லாப்ரடாரையும் ஸ்டாண்டர்ட் பூடுலையும் சேர்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் ஒவ்வாமை. பிறந்த மூன்று குட்டிகளின் எச்சில், முடி மாதிரிகளை ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துப்போனது. எஃப்1 என்பது முதல் தலைமுறைக் கலப்பு என்பதைத் தவிர வேறெதற்கும் உத்தரவாதம் அல்ல. ஒரே ஈற்றில் ஒரு குட்டிக்குச் சுருள் முடி வரும், இன்னொன்று லாப்ரடார் போலவே வீடெல்லாம் கொட்டும். ஆகவே மகளை ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள். அதே தாய்–தந்தைக்கு முந்தைய ஈற்றில் பிறந்து வளர்ந்த நாய் எங்காவது இருந்தால், மூடிய அறையில் ஒரு மணி நேரம் அதோடு இருக்கவிட்டுப் பாருங்கள். ஒரு முறை போதாது. வேறு வேறு நாட்களில் செய்யுங்கள்.

அதற்குப் பிறகும் இந்தக் கலப்புதான் வேண்டும் என்றால், கவனம் முழுவதும் தாய்–தந்தை மேல் போக வேண்டும். “கிராஸ் என்றால் நோயே வராது” என்று விற்பவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. ஒரு குறை ஒரு இனத்தில் மட்டும் இருந்தால் கலப்பு அதை மறைக்கக்கூடும். இரண்டு இனத்திலும் இருந்தால் மறைக்காது. லாப்ரடாருக்கும் பூடுலுக்கும் பொதுவாக அப்படி இரண்டு இருக்கின்றன.

ஒன்று இடுப்பு மூட்டுக் கோளாறு. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்புக் கிண்ணத்தில் சரியாக உட்காராமல் தளர்ந்து தேய்வது. இதற்குத் தாய், தந்தை இரண்டுக்கும் 2 வயதுக்கு மேல் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே வேண்டும். மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, பின்கால்களை நீட்டி எடுத்த படமாக இருக்க வேண்டும். படத்தின் மேலேயே நாயின் பெயர் அல்லது (தோலுக்கடியில் பதிக்கும் அடையாள) சிப் எண், தேதி, இடது–வலது குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாத படம் எந்த நாயுடையதாகவும் இருக்கலாம். “நல்லாத்தான் ஓடுது” என்பது பரிசோதனை அல்ல. தளர்ந்த மூட்டோடு பல வருடம் ஓடும் நாய்கள் உண்டு.

மற்றொன்று, விழித்திரை படிப்படியாக அழிந்து பார்வை போகும் பி.ஆர்.சி.டி. என்ற பரம்பரை நோய். குட்டியின் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் இருட்டில் தடுமாறும், பிறகு பகலிலும் பார்வை மங்கும். தாயும் தந்தையும் நோயைச் சுமப்பவையாக இருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆனால் பெற்றோரில் ஒன்று டி.என்.ஏ. பரிசோதனையில் ‘கிளியர்’ என்று வந்துவிட்டால் போதும், அந்த ஈற்றில் எந்தக் குட்டிக்கும் இந்த நோய் வராது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பும் பரிசோதனைதான். இதைக்கூடச் செய்யாதவர் தன்னை பிரீடர் என்று சொல்லிக்கொள்வது அதிகப்படி.

தந்தை எந்த அளவு பூடுல் என்றும் கேளுங்கள். ஸ்டாண்டர்ட் பூடுல் லாப்ரடார் அளவுக்கு வளரும். மினியேச்சர், டாய் வகைகள் அதைவிட மிகச் சிறியவை. சின்ன வகை என்றால் பின்கால் முழங்கால் சில்லு நழுவும் குறை உண்டா என்று மருத்துவர் கையால் சோதித்த குறிப்பு வேண்டும். இரண்டின் எடையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் குட்டி 12 கிலோவில் நிற்குமா, 30 கிலோவைத் தொடுமா என்பதற்கு ஓரளவு துப்பு கிடைப்பது அதில்தான்.

ஆளைத் தேடும்போது இன்ஸ்டாகிராமைவிடக் கால்நடை மருத்துவர்கள் நல்ல வழி. “தாய்க்குக் கர்ப்ப ஸ்கேன் எடுக்கவும், குட்டிகளுக்கு ஊசி போடவும் ஒழுங்காக இங்கே வருபவர் யார்?” என்று கேளுங்கள். நாய்களுக்கு முடி வெட்டும் கடைக்காரர்களுக்கும் நிறையத் தெரியும். முந்தைய ஈற்றின் குட்டிகள் அவர்கள் மேசைக்குத்தான் வருகின்றன. பெயர் கிடைத்ததும் போனில் கேளுங்கள்: மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா, தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈற்று, போன ஈற்று எப்போது? விதிகளின்படி 18 மாதத்துக்குக் குறைந்த, 8 வயதுக்கு மேற்பட்ட பெண் நாயைச் சினைப்படுத்தக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈற்று, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. பதிலோடு அவர் உங்களையும் திருப்பிக் கேட்க வேண்டும்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், எத்தனையாவது மாடி, முடி சீவ நேரம் உண்டா? எதுவும் கேட்காமல் “எப்ப வர்றீங்க?” என்பவர் வியாபாரி.

நேரில் போகாமல் வாங்கவே வேண்டாம். “இடையில் பஸ் ஸ்டாண்டில் வந்து தருகிறேன்” என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு பிரீடர்களின் இடங்களுக்குப் போகாதீர்கள். பார்வோ கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது தாயை. பால் கொடுத்த நாயின் முலைகள் பெருத்துத் தொங்கும், முடி மெலிந்திருக்கும், அது இயல்பு. வயிறு ஒட்டி, முலைகள் சிறுத்து, குட்டிகளைக் கண்டுகொள்ளாமல் நிற்பதைத் ‘தாய்’ என்று காட்டினால், குட்டிகள் வேறெங்கிருந்தோ வந்தவை. தாய் உங்களைக் கண்டு மூலையில் ஒண்டினாலும் சீறினாலும் அந்தக் குணம் குட்டிகளிலும் எட்டிப்பார்க்கும். தந்தை அங்கே இல்லாமல் இருப்பது சகஜம். அதன் உரிமையாளர் எண்ணும் பரிசோதனைத் தாள்களும் இருந்தால் போதும்.

பிறகு குட்டி. உதட்டைத் தூக்கிப் பல் ஈறைப் பாருங்கள். ரோஜா நிறம் நல்லது. வெளுத்திருந்தால் கொக்கிப்புழு அல்லது உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகியுங்கள். 8 வாரக் குட்டிக்கு 28 பால் பற்கள் இருக்கும். கடைவாயில் வெற்று ஈறு தெரிந்தால் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை போல் இருந்தால் புழு. தொப்புளில் மெத்தென்ற புடைப்பு இருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். காது மடலுக்குள், விரல்களுக்கு இடையில் உண்ணி தேடுங்கள். தலைக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் கீழே போட்டு, திரும்புகிறதா என்று கவனியுங்கள்.

தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் தொகுதி எண், பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், தேதி எல்லாம் இருக்க வேண்டும். வெறும் ஸ்டிக்கர் மட்டும் என்றால் அவரே வாங்கிப் போட்டது. மருந்து குளிர்ச்சியில் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. பூச்சி மருந்து 2 வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்த தேதிகளும் வேண்டும். சிப் போட்டிருந்தால் 15 இலக்க எண்ணை ரீடர் வைத்துப் படிக்கச் சொல்லி அட்டையோடு ஒப்பிடுங்கள்.

முன்பணம், நேரில் பார்த்த பிறகு, ரசீதோடு. எழுத்தில் வாங்க வேண்டியவை: 72 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவர் குறை கண்டால் முழுப்பணம் திரும்ப, முதல் 14 நாளில் பார்வோவோ டிஸ்டெம்பரோ வந்தால் யார் செலவு, பின்னாளில் வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் அவரே திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற உறுதி. கடைசி வரிக்குத் தயங்காமல் கையெழுத்துப் போடுகிறாரா என்று பாருங்கள். அவர் வளர்ப்பின் மேல் அவருக்கே எவ்வளவு நம்பிக்கை என்பது அதில் தெரியும்.

குட்டி வரும் நாளில் அங்கே சாப்பிட்ட தீவனத்தில் ஒரு வாரத்துக்கானதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தீவனத்தை 7 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்தால் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வராது. முதல் மருத்துவர் சந்திப்புக்குப் புதிய மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போய்ப் புழு முட்டை பார்க்கச் சொல்லுங்கள். 16 வார ஊசி முடியும்வரை, தெரு நாய்கள் புழங்கும் மண்ணில் இறக்கிவிட வேண்டாம். மொட்டை மாடியும் கையில் தூக்கிக்கொண்டு போகும் நடையும் போதும்.