யாரோ ஒரு கொத்தனார்

கேள்வி: போன வருடம் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்த யாரோ ஒரு கொத்தனார், வேலை முடிந்ததும் ஒரு சாக்குப் பையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே தரை மட்டம் பார்க்கிற ஒரு ரசமட்டம், ஒரு ரப்பர் சுத்தியல், பச்சை பெயின்டில் ‘ப.மு.’ என்று எழுதிய கட்டிங் மிஷின். எட்டு மாதமாகியும் தேடி வரவில்லை. ஆயுத பூஜைக்கு என் சாமான்களோடு அவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அவர் செய்த வேலையும் சுத்தமில்லை, மூலையில் தண்ணீர் தேங்குகிறது. இனி நானே வைத்துக்கொண்டால் தவறா? (பெயரை வெளியிட வேண்டாம்.)
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்தது ‘யாரோ’. சதுர அடிக்கு எவ்வளவு என்று அவரோடு பேரம் பேசியிருப்பீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். ஜிபே என்றால் திரையில் பெயர் வந்திருக்கும், ‘இது நீங்கதானே?’ என்று கேட்டுவிட்டுத்தான் அமுக்கியிருப்பீர்கள். யாரோவுக்கு யாரும் பணம் அனுப்புவதில்லை. கணக்குத் தீர்க்கிற வரைக்கும் அவர் மேஸ்திரி. பையை மறந்த நிமிடத்திலிருந்து யாரோ. உங்கள் பெயரையும் போட வேண்டாம் என்கிறீர்கள். சரி. இந்த விவகாரத்தில் பெயரோடு இருப்பது அந்தக் கட்டிங் மிஷின் மட்டும்தான்.

மெக்காலே என்று எழுதினாலே நம் வாசகர்களில் பாதிப் பேர், கல்வியைக் கெடுத்த ஆளைப் புகழ்கிறாயா என்று கடிதம் போடுவார்கள். போடட்டும். அவர் தலைமையில் வரைவு தொடங்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில், பிரிவுகளுக்குக் கீழே வருகிற குட்டிக் கதைகளுக்கு நான் ரசிகன். 403-வது பிரிவைப் பாருங்கள். ஒருவன் நெடுஞ்சாலையில் கிடந்த ஒரு ரூபாயை எடுக்கிறான், யாருடையது என்று தெரியாது: குற்றமில்லை. இன்னொருவனுக்கு ஒரு கடிதம் கிடைக்கிறது, உள்ளே பணநோட்டு. கடிதத்தைப் பார்த்தாலே உடையவர் யாரென்று தெரிகிறது. நோட்டை அமுக்கிக்கொள்கிறான்: குற்றம். மூன்றாமவன் விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, யாரையும் விசாரிக்காமல் உடனே விற்கிறான்: அதுவும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் சட்டத்தின் பெயர் பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவின் எண் 314. பெயர் மாறியது, எண் மாறியது, அந்த ஒரு ரூபாய் மட்டும் 1860-லிருந்து அதே ரோட்டில் கிடக்கிறது. மாறியது இன்னொன்றும் உண்டு. முன்பு அபராதத்தோடு தப்பிக்க வழியிருந்தது. இப்போது குறைந்தது ஆறு மாதச் சிறை, அதோடு அபராதமும். உங்கள் வீட்டில் இருப்பது ரூபாயா, கடிதமா? பச்சை பெயின்டில் எழுதியிருக்கிறதே!

தண்டனையை விடுங்கள். 1908-ன் சிவில் நடைமுறைச் சட்டம், 60-வது பிரிவு. கடன் கொடுத்தவர் கோர்ட்டில் ஜெயித்து, அமீனாவைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாலும் ஜப்தி செய்யக் கூடாத பொருட்களின் பட்டியல் அதில் இருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. அதற்கு அடுத்த உட்பிரிவே கைத்தொழில் செய்பவரின் கருவிகள். தாலிக்குப் பக்கத்தில் உளியையும் கரணையையும் வைத்திருக்கிறார்கள். வாங்கிய கடனுக்கே கோர்ட் தொடாத சாமானை, குளியலறையில் தண்ணீர் தேங்குகிறது என்று நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ரசமட்டம் பையில் இருந்ததாம். தரையைப் பற்றி நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பையை விட்டு வெளியே வந்ததா என்பதே சந்தேகம்! ஆனால் அதைக் கூலி கொடுக்கும்போது பேசியிருக்க வேண்டும்.

ஏன் தேடி வரவில்லை என்று யோசித்தீர்களா? நம் வீட்டில் ஒரு மோதிரம் காணவில்லை என்றால் முதலில் கொத்தனாரின் பையைத்தான் உதறுவோம். அவர் மிஷின் காணவில்லை என்றால், நம் வாசலில் வந்து கேட்பதற்கே அவருக்குத் தயக்கம். ‘அப்போ நாங்க எடுத்து வச்சிக்கிட்டோம்னு சொல்றியா?’ என்று ஒரு வார்த்தை வந்தால், அடுத்த வேலை போச்சு. அதற்கு, நாள் வாடகைக்கு ஒரு மிஷினை எடுத்து ஓட்டிவிடலாம் என்று போயிருப்பார். எட்டு மாதமாக அவர் கொடுக்கிற வாடகை உங்கள் பொட்டின் செலவைவிட அதிகம்.

இந்த இடத்தில் என் நெடுநாள் எதிராளி ஒருவர் குறுக்கிடுவார். பூம்புகாரில் மூட்டைகள் காவலில்லாமல் கிடந்தன, ஒருவரும் தொடவில்லை, தமிழன் அவ்வளவு யோக்கியன் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர். சிலப்பதிகாரத்தில் இந்திர விழாப் பகுதியை அவர் பாதியில் மூடிவிட்டார் என்று நினைக்கிறேன். காவலில்லை, தாழில்லை, உண்மைதான். ஆனால் மூட்டைக்கு மூட்டை உடையவர் பெயர் பொறித்திருக்கிறது. களவாடுகிறவன் எவனாவது வந்தால், வெள்ளிடை மன்றம் என்று அந்த ஊரில் இருந்த பொதுவெளி அந்த மூட்டையை அவன் தலையிலேயே ஏற்றி, கழுத்து கடுக்கச் சுற்றிச் சுற்றி வர வைக்கும், வெளியே கொண்டுபோக விடாது. நினைத்தாலே நடுங்கும் என்கிறார் இளங்கோ. யோக்கியதை பாதி, கழுத்துவலி பாதி. தென்காசியில் அப்படி ஒரு மன்றம் இருந்திருந்தால், மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு நீங்கள் இந்நேரம் சுற்றிக்கொண்டிருப்பீர்கள், அதுவும் வாட்டம் சரியில்லாத தரையில்.

அப்புறம் அந்தப் பொட்டு. அரசு பஸ்ஸுக்கு டிரைவரும் கண்டக்டரும் வருடாவருடம் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டுகிறார்கள். ஒருவரும் பஸ்ஸை வீட்டுக்கு ஓட்டிப் போனதில்லை. பூஜை போட்டால் சொந்தம் என்றால், நடுரோட்டில் பூசணிக்காய் உடைக்கிறவர்களுக்கு இந்நேரம் தேசிய நெடுஞ்சாலையே பட்டா ஆகியிருக்கும். (பூசணிக்காயைப் பற்றி மறுபடி ஆரம்பிக்காதே என்று உதவி ஆசிரியர் கையைப் பிடிக்கிறார். வழுக்கி விழுகிறவர்கள் அவர் வீட்டுக்காரர்கள் இல்லை போலிருக்கிறது.)

உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 1872-ன் ஒப்பந்தச் சட்டப்படி, கண்டெடுத்த பொருளைக் காப்பாற்றவும் உடையவரைத் தேடவும் ஆன செலவு கைக்கு வரும்வரை பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்கலாம். தேடியதற்கு நீங்கள் செலவே செய்யவில்லை. சந்தனம், குங்குமம் கணக்கை வேண்டுமானால் நீட்டிப் பாருங்கள்.

போன் எண் அழிந்துவிட்டது என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். டைல்ஸ் பசை வாங்கிய ஹார்டுவேர் கடையில் ப.மு. யார் என்று கேளுங்கள். அவருக்கு அங்கே பாக்கி இருந்தால், வீட்டு விலாசத்தோடு மாமனார் வீட்டு விலாசத்தையும் சேர்த்துச் சொல்வார்கள்.