ஃபிட் டெஸ்ட் பாசிடிவ்: மூலம்தான் என்று விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. முழு உடல் பரிசோதனையில், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட் ‘பாசிடிவ்’ என வந்தது. பல வருடங்களாக மூலம் இருக்கிறது. “அதனால்தான் இருக்கும், இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம்” என்றார்கள் லேபில். மறுபடி எடுத்ததில் ‘நெகட்டிவ்’. இப்போது சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சேர்ந்த ‘கேன்சர் பேக்கேஜ்’ எடுத்தால் போதும் என்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறேன். கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது ரிப்போர்ட் நெகட்டிவாக வந்ததால் முதல் ரிப்போர்ட் ரத்தாகிவிடாது. அந்த இரண்டாவது பரிசோதனையை எடுத்திருக்கவே கூடாது.

பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சதை வளர்ச்சியும் சரி, ஆரம்பக் கட்டப் புற்றும் சரி, தினமும் ஒரே மாதிரி ரத்தம் கசிவதில்லை. மலம் உரசிக்கொண்டு போகும் நாளில் கசியும். அடுத்த சில நாள் சும்மா இருக்கும். சும்மா இருக்கும் நாளில் குச்சியைக் குத்தி எடுத்த மலத்தைச் சோதித்தால் நெகட்டிவாகத்தான் வரும். பாலிப் இருந்த இடத்திலேயே இருக்கும். சுமார் 10,000 பேரை வைத்துச் செய்து 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், குடலில் புற்று இருந்தவர்களில் 100-க்கு 74 பேரைத்தான் ஒரு தடவை எடுத்த ஃபிட் டெஸ்ட் கண்டுபிடித்தது. புற்றாக மாறக்கூடிய பெரிய பாலிப் இருந்தவர்களில் 24 பேரை மட்டுமே. இவ்வளவு தவறவிடும் ஒரு பரிசோதனை ‘இருக்கிறது’ என்று சொன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘இல்லை’ என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப எடுப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

பயமும் வேண்டாம். பாசிடிவ் வந்தவர்களில் நூற்றுக்குச் சிலருக்குத்தான் புற்று இருக்கும். அதைவிடப் பல மடங்கு பேருக்கு இருப்பது பாலிப். ஒரு பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம் போல ஆகும். அதற்குள் எடுத்துவிட்டால் அந்தப் புற்று வரவே வராது. கொலோனோஸ்கோபியில் பாலிப் எடுத்துக்கொண்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பெருங்குடல் புற்றால் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட 53 சதவீதம் குறைவு.

மூலத்துக்கு வருவோம். ‘மூலம்தான்’ என்ற ஒரு சொல்லால் தள்ளிப்போன புற்றுகள் ஏராளம். ஃபிட் டெஸ்ட் மனித ரத்தத்தில் உள்ள குளோபின் புரதத்தை மட்டும் பிடிக்கும். ஆகவே சாப்பிட்ட இறைச்சியால் பாசிடிவ் வராது. இரைப்பையில் கசியும் ரத்தத்தின் குளோபினும் வழியிலேயே செரித்துவிடும். பாசிடிவ் என்றால் ரத்தம் பெரும்பாலும் பெருங்குடலிலோ மலக்குடலிலோ கசிகிறது என்று பொருள். அது மூலமாக இருக்கலாம். ஆனால் மூலம் இருப்பவருக்குப் பாலிப் வராது என்று எந்த விதியும் இல்லை. உள்ளே பார்க்காமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆஸ்பிரினால் வந்தது என்பதும் அதே ரகச் சமாதானம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கசியக்கூடிய இடம் ஏற்கெனவே இருந்தால் அதைக் கசிய வைக்கும், அவ்வளவுதான்.

‘கேன்சர் பேக்கேஜ்’ என்பதைப் பார்த்தாலே கோபம் வருகிறது. சி.இ.ஏ. என்பது புற்று என்று உறுதியானவருக்குச் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி தலைதூக்குகிறதா என்று கண்காணிக்கும் அளவு. ஆரம்பக் கட்டப் புற்றில் பெரும்பாலும் அது சாதாரணமாகவே இருக்கும், பாலிப்பில் ஏறாது, புகை பிடிப்பவருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் புற்றே இல்லாமல் ஏறும். சாதாரண வயிற்று ஸ்கேனில் ஒரு சென்டிமீட்டர் பாலிப் தெரியவே தெரியாது. குடலைக் காற்றால் விரித்து எடுக்கும் சி.டி. கொலோனோகிராபி வேறு, அது நல்ல பரிசோதனை. ஆனால் அதற்கும் கொலோனோஸ்கோபிக்குப் போலவே பேதி மருந்து குடிக்க வேண்டும், ஏதாவது தெரிந்தால் கடைசியில் கொலோனோஸ்கோபிக்குத்தான் வர வேண்டும். குடலைக் ‘கழுவிச் சுத்தப்படுத்தும்’ டீடாக்ஸ் பவுடர்களுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. உங்களை ஒரு பரிசோதனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புபவர் அதில் கமிஷன் வாங்குபவரா என்று யோசியுங்கள். பாசிடிவ் என்று அச்சடித்து, கீழே ‘மருத்துவரை அணுகவும்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி போட்டால் கடமை முடிந்தது என்று லேபில் நினைக்கிறார்கள். பாசிடிவ் வந்தவர் கொலோனோஸ்கோபி செய்துகொண்டாரா என்று ஒரு போன் போட்டுக் கேட்க ஆள் இல்லையென்றால் அந்தப் பரிசோதனையை நடத்துவதில் என்ன பயன்?

எவ்வளவு நாள் பொறுக்கலாம்? பாசிடிவ் வந்த 70,000-க்கும் மேற்பட்டோரைப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், சில மாதங்களுக்குள் செய்தவர்களிடையே பெரிய வித்தியாசம் இல்லை. பத்து மாதத்தைத் தாண்டியவர்களுக்குப் புற்று இருக்கும் வாய்ப்பும் அது முற்றியிருக்கும் வாய்ப்பும் கூடியிருந்தன. அடுத்த வாரமே ஓட வேண்டியதில்லை. ஒன்றிரண்டு மாதத்துக்குள் தேதி வாங்கிவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் கவனம் வேண்டியது ஸ்டென்ட். யார் சொன்னாலும், அது கொலோனோஸ்கோபி தேதி கொடுக்கும் வரவேற்பு மேசையாக இருந்தாலும், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினைப் பொதுவாக நிறுத்தவே வேண்டியதில்லை; அதைச் சாப்பிட்டுக்கொண்டே பாலிப் எடுக்கலாம். குளோபிடோக்ரலின் கதை வேறு. வெறுமனே பார்ப்பதற்கும் சதைத் துணுக்கு எடுப்பதற்கும் அது தடையில்லை. பெரிய பாலிப் எடுத்தால் பிறகு ரத்தம் கசியும் வாய்ப்பு கூடுவதால் 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவது வழக்கம். அந்த முடிவு இதய மருத்துவருடையது. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவர் இரண்டையும் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். அவருக்குக் கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போடுவோம், அல்லது மாத்திரையோடு பார்த்துவிட்டுப் பாலிப் எடுப்பதைப் பின்னால் வைத்துக்கொள்வோம். உங்களுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. முதலில் கேட்க வேண்டியது: குளோபிடோக்ரல் இன்னும் தேவையா? சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே போவதால் தேவை தீர்ந்த பிறகும் அதைச் சாப்பிடுபவர்கள் பலர். தேவை என்றால், எந்தத் தேதியில் நிறுத்துவது, எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்ற இரண்டையும் இதய மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். நிறுத்தச் சொல்லிவிட்டு, தொடங்கச் சொல்ல மறந்துபோவதுதான் அடிக்கடி நடக்கும் விபரீதம்.

இனி வயிற்றைக் காலி செய்வது. கொலோனோஸ்கோபி வீணாவது பெரும்பாலும் இங்கேதான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்துங்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் அப்பிக்கொள்ளும். கடைசி இரண்டு நாள் விதை, தோல், நார் உள்ள உணவு வேண்டாம். பேதி மருந்தை இரண்டு பாதியாகக் குடிக்க வேண்டும். காலை 9 மணிக்குப் பரிசோதனை என்றால் முதல் பாதி முந்தின மாலை, இரண்டாம் பாதி அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்குள் முடிய வேண்டும். எல்லாவற்றையும் முந்தின இரவே குடித்துவிட்டுத் தூங்கினால், இரவில் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த சளி இறங்கி வலப்பக்கக் குடலில் பசைபோல் படிந்துவிடும். தட்டையான பாலிப்கள் ஒளிந்திருப்பதும் அந்தப் பக்கத்தில்தான். இரண்டு லிட்டர் மருந்து என்றால் பாதி ஒரு லிட்டர்: கால் லிட்டர் டம்ளரில் நான்கு, 15 நிமிடத்துக்கு ஒன்று. குளிரவைத்தால் இறங்கும். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தி, மெதுவாகத் தொடருங்கள். சிவப்பு, ஊதா நிற பானங்கள் வேண்டாம். உள்ளே ரத்தம்போலத் தெரியும். கடைசியாகப் போவது சிறுநீர்போல மஞ்சளாக, தெளிவாக இருந்தால் தயார். பழுப்பாகக் கலங்கலாகப் போனால் உள்ளே நுழைவதற்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருக்கிறதா பாருங்கள். ஒன்று, ஸ்கோப் சீக்கம் என்ற பெருங்குடலின் தொடக்கப் பை வரை போனதா. அங்குள்ள குடல்வால் துவாரத்தின் படம் இருக்க வேண்டும். இரண்டு, சுத்தம் எப்படி இருந்தது. பாஸ்டன் அளவுகோலில் குடலின் மூன்று பகுதிக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது 2 வேண்டும். மூன்று, ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே வெளியே எடுக்க எத்தனை நிமிடம் ஆனது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்த மருத்துவர்கள் 28 சதவீதம் பேரிடம், புற்றாக மாறக்கூடிய அடினோமா வகைப் பாலிப் கண்டார்கள்; அவசரப்பட்டவர்கள் 12 சதவீதம் பேரிடம்தான். ‘நார்மல்’ என்று ஒரு சொல்லும் மங்கலான இரண்டு படமும் உள்ள ரிப்போர்ட்டை ரிப்போர்ட் என்று ஏற்காதீர்கள்.

பாலிப் எடுத்தால் குடல் ஓட்டையாகும் ஆபத்தும் ரத்தப்போக்கும் சிறிதளவு உண்டு. கசிவு இரண்டு வாரம் கழித்தும் வரலாம், குறிப்பாகக் குளோபிடோக்ரல் மறுபடி தொடங்கிய பிறகு. அந்த இரண்டு வாரமும் நீண்ட பயணம் வேண்டாம். சிவப்பு ரத்தம் கட்டியாகப் போனால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எடுத்த பாலிப்பின் பயாப்ஸி ரிப்போர்ட்டை நீங்களே போய் வாங்குங்கள். தானாக வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த கொலோனோஸ்கோபி எப்போது என்பது அதைப் பொறுத்தது. பத்து மில்லிமீட்டருக்குக் குறைவான சாதாரண அடினோமா ஒன்றோ இரண்டோ என்றால் 7 முதல் 10 வருடம். பத்து மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் 3 வருடம். ஒன்றுமே இல்லை, சுத்தமும் நன்றாக இருந்தது என்றால் 10 வருடம், நடுவில் ஃபிட் டெஸ்ட்டும் வேண்டாம். சின்ன பாலிப் ஒன்றை எடுத்துவிட்டு வருடா வருடம் வரச் சொன்னால், எந்தக் காரணத்துக்காக என்று பயாப்ஸி ரிப்போர்ட்டை நீட்டிக் கேளுங்கள்.